குடிகளைக் கேளாத கடற்காவல்

சேலத்திற்குக் கிழக்கே ஆத்தூர்ச் சாலையில் அமைந்த பேரூர் அயோத்தியாப்பட்டணம். தமிழ்ச் சமவெளியின் நடுவே வடபுலத்துத் தலைநகர் ஒன்றின் பெயரை இவ்வூர் சுமந்து நிற்பதற்கு அங்குள்ள கோதண்டராமர் கோயிலை ஒட்டிய கதையே கரணியம். இலங்கைப் போரை முடித்துத் திரும்பிய இராமன், தன் தலைநகரை அடையுமுன் முடிசூட்டு வேளை நெருங்கிவிட்டமையால் இங்கேயே முடிசூடிக்கொண்டான் என்பது கோயில் வழக்கு. நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் விடட்டும். கதைக்குள் இருக்கும் அரசியலை இருசாராருமே எண்ணிப் பார்க்கலாம். தொலைநாட்டு இளவரசன் ஒருவன். அவன் துணையால் அரியணை பெற்றுப் படை கொடுத்த சுக்கிரீவன். அண்ணனை விட்டு வந்து வழிகாட்டி முடி பெற்ற வீடணன். மூவருக்கும் முடி கிடைத்தது. தீப்பட்ட நகரில் வாழ்ந்த குடிகளுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பற்றிக் கதை வாய் திறப்பதில்லை.

படைக்கூட்டு என்பது பழங்கதையிலும் இன்றைய நாளேட்டிலும் ஒரே முறையில்தான் இயங்குகிறது. அரசுகள் கூடுகின்றன, அரசுகள் பங்கிட்டுக்கொள்கின்றன, எவருடைய மண்ணும் கடலும் அக்கூட்டுக்குக் களமாகின்றனவோ, அவர்களுக்கு அவ்வோலையில் ஒப்பமிட இடமில்லை. "இப்பகுதியின் பாதுகாப்பு" என்று வல்லரசுகள் பேசத் தொடங்கும்போதெல்லாம் தமிழர் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. யாருக்குப் பாதுகாப்பு? யாரிடமிருந்து பாதுகாப்பு? இவ்விரு வினாக்களுக்கும் விடையாக நூற்றாண்டுக் கணக்கில் நின்றுகொண்டிருக்கும் ஊர் திருகோணமலை.

துறைமுகத்தின் விலை

ஆழமும் அகலமும் காற்றுக்கு மறைவும் ஒருங்கே வாய்ந்த இயற்கைத் துறைமுகம் திருகோணமலை. கொடுத்து வைத்த ஊர் என்பார் உண்டு. பறிகொடுத்தே பழகிய ஊர் என்பதே மெய். போர்த்துக்கேயர் 1622-இல் கோணேசர் கோயிலை இடித்தனர். இடித்த கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். அவர்களிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். இடையில் 1782-இல் பிரஞ்சுக்காரர் நுழைந்தனர். 1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். வந்தவர் எல்லாரும் ஐரோப்பாவில் தமக்குள் பகைத்துக்கொண்டதற்கும் கூடிக்கொண்டதற்கும் ஈழக் கரையில் கணக்குத் தீர்த்தனர்.

தளம் இருந்தால் காவல் இருக்கும் என்று சொல்லப்படுகிறது. 1942-ஆம் ஆண்டு அக்கூற்றை ஆய்ந்து காட்டிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 5 அன்று கொழும்பிலும் 9 அன்று திருகோணமலையிலும் சப்பானிய வானூர்திகள் குண்டு வீசின. காக்க வந்திருந்த ஆங்கிலேயரின் கீழைக் கடற்படையோ ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மொம்பாசாப் பக்கம் பின்வாங்கியது. தளம் இருந்தமையால் குண்டு வந்தது; குண்டு வந்தபோது படை விலகியது; கரையில் இருந்தவர்கள் மட்டும் கரையிலேயே இருந்தார்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியை விட்டனர், துறைமுகத்தை விடவில்லை. 1947 நவம்பர் 11 அன்று, விடுதலைக்கு மூன்று திங்களுக்கு முன்பே, பிரித்தானியாவும் சேனநாயகாவின் அரசும் ஒரு பாதுகாப்பு உடன்பாட்டில் ஒப்பமிட்டன. வெளித் தாக்குதலுக்கு எதிராக ஒருவருக்கொருவர் படைத்துணை செய்வது, பிரித்தானியப் படை அங்குத் தங்குவது ஆகியவை அதன் உள்ளடக்கம். வெளியிலிருந்து வரும் பகைக்குக் காவல் போட்டாயிற்று. உள்ளே நடந்தது என்ன? அடுத்த ஆண்டே, 1948-இல், குடியுரிமைச் சட்டம் என்னும் பெயரால் மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலக்கம் பேர் நாடற்றவராக்கப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சை மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து கங்காணிகளால் கப்பலேற்றப்பட்டுக் காட்டைத் தோட்டமாக்கியவரின் மக்கள் அவர்கள். பிரித்தானியக் கடற்படை அப்போது திருகோணமலையில்தான் நின்றிருந்தது. அதன் பீரங்கிகள் கடலை நோக்கியிருந்தன. கடல் வழியாக எவரும் வரவில்லை. கொழும்பு நாடாளுமன்றத்தின் வழியாகத்தான் கேடு வந்தது.

அயலார் தளமே கேட்டுக்குக் கரணியம், அது அகன்றால் நலம் பிறக்கும் என்று எண்ணுவார்க்கும் வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1957-இல் பண்டாரநாயகா திருகோணமலைத் தளத்தையும் கட்டுநாயக்கா வானூர்தித் தளத்தையும் ஆங்கிலேயரிடமிருந்து மீட்டார். அணிசேராமையின் வெற்றி என்று உலகம் புகழ்ந்தது. அதே பண்டாரநாயகாதான் அதற்கு முந்திய ஆண்டு சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்தவர். கூட்டில் இருந்தபோது குடியுரிமை போயிற்று. கூட்டை விட்டபோது மொழியுரிமை போயிற்று. அணி சேர்தலும் சேராமையும் அரசுகளின் ஆட்டம். அவ்வாட்டத்தில் தமிழன் ஆடுபவனாக இல்லை, காயாகவே இருந்தான்.

1964 அக்தோபரில் சிறிமாவோவும் சாத்திரியும் செய்துகொண்ட உடன்பாடு இதனை எண்களிலேயே எழுதிக் காட்டியது. மொத்தம் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வது என்று ஒத்திவைத்து, 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். 1962-இல் சீனத்தோடு போரிட்டு அடிபட்ட புதுதில்லிக்குக் கொழும்பின் நட்பு வேண்டியிருந்தது. அந்நட்புக்கு விலையாகத் தேயிலைத் தோட்டத்து மக்கள் தலையெண்ணிக் கொடுக்கப்பட்டனர். அம்மக்களிடம் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

பின்னர் 1971 வந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் சிங்கள இளைஞர் கிளர்ந்தெழுந்தபோது கொழும்பு அரசுக்கு உதவிக்கு ஓடிவந்தவர் யார் யார்? பிரித்தானியா, அமெரிக்கா, சோவியத்து ஒன்றியம், யுகோசுலாவியா, இந்தியா, பாக்கித்தான்! அமெரிக்காவும் சோவியத்தும் உலகெங்கும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. இந்தியாவும் பாக்கித்தானும் அவ்வாண்டு திசம்பரில் பெரும்போரே செய்தன. எனினும் கொழும்பின் அரியணை ஆடியபோது அத்தனை பேரும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தனர். வல்லரசுகளுக்குள் எத்துணைப் பகை இருப்பினும், அரசு என்பதைக் குடிகளிடமிருந்து காப்பதில் அவற்றுக்குள் பிளவில்லை. தமிழர் இதனை அன்றே குறித்துக்கொண்டிருக்க வேண்டும். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே கயிறு அவர்கள் கழுத்திலேயே விழுந்தது.

ஓலையில் நின்றதும் ஓடிப்போனதும்

1983 சூலைக் கொலைகளுக்குப் பின் செயவர்த்தனா உலகெங்கும் படைத்துணை தேடினார். 1984-இல் கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே இசுரேலின் நலன்பேணும் பிரிவு திறக்கப்பட்டது, பிரித்தானியக் கூலிப்படை நிறுவனமான கீனி மீனி சிங்கள அதிரடிப்படைக்குப் பயிற்சி தந்தது, பாக்கித்தானும் கைகொடுத்தது. புதுதில்லி அதிர்ந்தது. தமிழர் வீடுகள் எரிந்தமைக்காக அதிர்ந்தது என்று தமிழ்நாடு நம்பியது. எதற்காக அதிர்ந்தது என்பதை 1987 சூலை 29 அன்று ஒப்பமான இந்திய–இலங்கை உடன்பாட்டின் இணைப்பு மடல்களே எழுத்தில் காட்டுகின்றன.

இராசீவ் காந்தி செயவர்த்தனாவுக்கு எழுதிய மடலில் நான்கு செய்திகள் உள்ளன. அயல்நாட்டுப் படையாளரும் உளவாளரும் இலங்கையில் இருப்பது பற்றியது ஒன்று. திருகோணமலையோ பிற துறைமுகமோ இந்திய நலனுக்குக் கேடாக எந்நாட்டின் படைப் பயன்பாட்டுக்கும் விடப்படலாகாது என்பது ஒன்று. திருகோணமலை எண்ணெய்க் கொள்கலன்களை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகச் சீரமைத்து நடத்துவது ஒன்று. அயல்நாட்டு வானொலி நிலையங்கள் படைக்கும் உளவுக்கும் பயன்படலாகாது என்பது ஒன்று. துறைமுகம், எண்ணெய், வானொலி, உளவு! தமிழரின் உயிருக்காகச் செய்ததாகச் சொல்லப்பட்ட உடன்பாட்டின் உள்நெஞ்சம் இதுதான். தமிழர் தரப்பில் ஒருவரேனும் அதில் ஒப்பமிடவில்லை. இரண்டு அரசுகள் ஒப்பமிட்டன. மூன்றாமவரின் தலைவிதி எழுதப்பட்டது.

அவ்வோலையில் எழுதியவற்றுள் எவை நின்றன, எவை ஓடிப்போயின என்று ஒரு கணக்குப் போடட்டும், இன்றும் அதனைத் தூக்கிப் பிடிப்பவர்கள்.

தமிழர்க்கென்று எழுதப்பட்டது வடக்கு கிழக்கு இணைப்பு. 2006 அக்தோபர் 16 அன்று இலங்கை உச்ச நயன்மன்றம் அவ்விணைப்புச் செல்லாது என்றது. மாகாணம் இரண்டாக வெட்டப்பட்டது. ஒப்பமிட்ட மற்றோர் அரசு அதனை எதிர்த்து என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. தமிழர்க்கென்று எழுதப்பட்ட மற்றொன்று மாகாண ஆட்சி. 1987 நவம்பரில் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது. காவல் அதிகாரமும் நில அதிகாரமும் ஏட்டோடு நின்றன.

புதுதில்லிக்கென்று எழுதப்பட்டவை எண்ணெய்க் கொள்கலன்கள். 2003-இல் அவை இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கைக்கு வந்தன. 2022 சனவரியில் புதிய உடன்பாடு ஒப்பமாயிற்று. மொத்தம் 99 கொள்கலன்கள். 14 இந்திய நிறுவனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு, 24 இலங்கை நிறுவனத்துக்கு. ஆங்கிலேயர் தம் போர்க்கப்பல்களுக்காகக் கட்டிய கொள்கலன்கள், ஒன்றுகூடத் தவறாமல் எண்ணிப் பங்கிடப்பட்டன. இணைந்த தாயகம் காற்றில் போயிற்று. எண்ணெய்த் தொட்டிகள் கைக்கு வந்தன. பாதுகாப்பு உடன்பாடு யாரைப் பாதுகாத்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இடையில் சிந்திய குருதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அமைதிப்படை என்னும் பெயரில் போன படை 1987 அக்தோபரில் அம்மக்களோடேயே போரில் இறங்கியது. அத்திங்களில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயரும் மருத்துவரும் செவிலியரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். அப்படை வீரருள் 1,100-க்கும் மேற்பட்டோர் அம்மண்ணிலேயே மாண்டனர். ஊர்ப்புறங்களிலிருந்து வயிற்றுப்பாட்டுக்காகப் படையில் சேர்ந்த எளிய வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். மடல் எழுதியவர்களுக்குத் துறைமுகம் வேண்டியிருந்தது. அவர்களைப் பெற்றவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது என்று எவரும் கேட்கவில்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரும்பியது.

2009-இல் பழைய கயிறு மீண்டும் இறுகியது. சீனமும் பாக்கித்தானும் படைக்கலம் தந்தன. இசுரேலும் உக்ரைனும் தாக்கு வானூர்தி விற்றன. அமெரிக்கா 2007-இலேயே படை வழங்கல் உடன்பாடு செய்துகொண்டது. இந்தியா கதுவீக் கருவிகளும் சுற்றுக்காவல் கப்பல்களும் கொடுத்தது. ஒன்றிய நாடுகள் அவையின் வல்லுநர் குழு 2011-இல் தந்த அறிக்கை, அப்போரின் இறுதிக் கட்டத்தில் மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்றது. போர் முடிந்த பத்தே நாளில், 2009 மே 27 அன்று, செனீவா மனித உரிமை மன்றத்தில் இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானம் 29 வாக்குகளால் வென்றது. எதிர்த்தவை 12, விலகி நின்றவை 6. அந்த 29-இல் இந்தியா உண்டு, பாக்கித்தான் உண்டு, சீனம் உண்டு, உருசியா உண்டு, கியூபாவும் உண்டு! எல்லையில் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வோர் முள்ளிவாய்க்காலின் மேல் ஒன்றாகக் கைதூக்கினர்.

தொலைவிலிருந்து வரும் நண்பர்

இது தமிழனுக்கு மட்டும் நேர்ந்த தனிக்கேடு என்று கருதிவிடலாகாது. தொலைதூரப் படைக்கூட்டு என்பதன் இயல்பே இது. 1954-இல் மணிலாவில் தென்கிழக்காசியக் கூட்டு ஒன்றை அமெரிக்கா அமைத்தது. பாக்கித்தான் அதில் சேர்ந்தது. மேற்காசியக் கூட்டிலும் சேர்ந்தது. 1971-இல் அது பாதி நாட்டை இழந்தபோது அவ்விரு கூட்டுகளும் அதனைக் காக்கவில்லை. தென்கிழக்காசியக் கூட்டு 1977-இலும் மேற்காசியக் கூட்டு 1979-இலும் கலைந்தன. தொலைவிலிருக்கும் நண்பனுக்குத் தன் தேவை முடியும்வரைதான் நட்பு.

நட்பு முடியாமல் நீண்டால் நிலை என்ன? இந்தியப் பெருங்கடலின் நடுவே தியாகோ கார்சியா அதற்கு விடை சொல்கிறது. சாகோசுத் தீவுகளைப் பிரித்தானியா 1965-இல் மோரீசிலிருந்து வெட்டி எடுத்தது. 1966-இல் அமெரிக்காவுக்குப் படைத்தளமாக விட்டது. ஆப்பிரிக்க அடிமைகளுக்கும் இந்தியக் கூலித் தொழிலாளர்க்கும் வழிவந்த அத்தீவு மக்கள், 1968 முதல் 1973 வரை, ஒருவர் மிச்சமின்றி வெளியேற்றப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம் அங்குப் பிறந்ததே. 1971-இல் ஒன்றிய நாடுகள் அவை இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலம் என்று முழங்கிற்று. அவ்வாண்டும் அவர்கள் கப்பலேற்றப்பட்டுக்கொண்டிருந்தனர். அத்தீவைப் பிரித்தது முறையன்று என்று பன்னாட்டு நயன்மன்றம் 2019-இல் கருத்துரைத்தது. 2025 மே 22 அன்று பிரித்தானியாவும் மோரீசும் ஒப்பமிட்ட உடன்பாடோ, இறையாண்மையை மோரீசுக்கு எழுதிவைத்துவிட்டுத் தளத்தை மேலும் 99 ஆண்டுக்குக் குத்தகையாக்கியது. பிற தீவுகளில் குடியேறலாமாம். தியாகோ கார்சியாவில் கூடாதாம். அவ்வோலையிலும் ஒப்பமிட்டவர் இரண்டு அரசுகள்தாம்.

"சீனம் வருகிறதே" என்பார்க்கு

இவ்வளவையும் கேட்டபின் புதுதில்லியின் வழக்குரைஞர் ஒரு வினாவை எடுப்பர். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக்குச் சீனத்தின் கைக்குப் போயிற்று. 2022 ஆகத்தில் யுவான் வாங் 5 என்னும் சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கு வந்து நின்றது. கன்னியாகுமரிக்கு எதிரே பகைவன் வந்து நிற்கத் தமிழன் பாதுகாப்பே வேண்டா என்கிறானா?

அச்சம் பொய்யன்று. சீனக் கப்பல் தமிழ்க் கரைக்கு நலம் செய்ய வரவில்லை. அது முள்ளிவாய்க்காலுக்குப் படைக்கலம் தந்த கை. ஆனால் அம்பாந்தோட்டை எவ்வாறு சீனத்துக்குப் போயிற்று? புதுதில்லி கொழும்பைத் திருப்திப்படுத்த எத்தனை தமிழரைக் கொடுத்தது! மலையகத்தாரைக் கொடுத்தது, கச்சத்தீவைக் கொடுத்தது, 2009-இல் கையையும் தூக்கிக் கொடுத்தது. அத்தனையும் வாங்கிக்கொண்டே கொழும்பு சீனத்திடமும் போயிற்று. குடிகளை விலையாகக் கொடுத்து வாங்கும் நட்பு நிலைப்பதில்லை என்பதற்குப் புதுதில்லியின் அறுபதாண்டுப் பட்டறிவே சான்று. சிங்களப் பேரினவாதத்துக்கு இந்தியாவும் வேண்டும், சீனமும் வேண்டும். இருவரையும் போட்டியிட வைத்து இருவரிடமும் பெறும். அந்தப் போட்டியை முறிக்கக்கூடிய ஒரே வலிமை, அக்கடலின் இருகரையிலும் வாழும் தமிழ் மக்களே. அவர்களைத் தன்னுரிமையோடு வாழவிட்ட கரை பகைவனுக்குத் துறை கொடுக்காது.

இது நடக்கக்கூடிய ஒன்றா என்று ஐயுறுவோர் பால்டிக் கடலை நோக்கட்டும். பின்லாந்தின் ஆட்சிக்குட்பட்ட ஓலாந்துத் தீவுகளில் வாழ்வோர் ஏறத்தாழ 30,000 பேர். சுவீடிய மொழி பேசுவோர். அத்தீவுகளும் திருகோணமலையைப் போலவே பேரரசுகள் கண்வைத்த இடம். 1921-இல் அத்தீவுகளின் பூசலைத் தீர்த்தபோது இரண்டு காவல்களை ஒன்றாக வைத்தனர். படைத்தளமோ கோட்டையோ அங்கு எழக்கூடாது என்று பத்து நாடுகள் உடன்பட்டன. அதே தீர்வில் அம்மக்களின் மொழிக்கும் நிலத்துக்கும் தன்னாட்சிக்கும் உறுதி எழுதப்பட்டது. தன்னாட்சிக்குட்பட்ட பொருளைத் தொடும் பன்னாட்டு உடன்பாடு எதுவும் ஓலாந்து மன்றத்தின் இசைவின்றி அங்குச் செல்லுபடியாகாது என்பது இன்றைய சட்டம். 2023-இல் பின்லாந்து நேட்டோப் படைக்கூட்டில் சேர்ந்தது. ஓலாந்தின் படையற்ற நிலையோ அப்படியே தொடர்கிறது. 30,000 பேருக்கு வாய்த்த மதிப்பு, ஈழத்துக் கரையில் வாழும் பல இலக்கம் தமிழர்க்கு ஏன் வாய்க்கவில்லை? அங்குத் துறைமுகத்தைப் பேசியவர்கள் மக்களையும் பேசினார்கள். இங்குத் துறைமுகத்தை மட்டும் பேசினார்கள்.

சேலத்திற்கு என்ன என்று கேட்பார்க்கு

கடலே காணாத சேலத்து உழவனுக்கும் நெசவாளிக்கும் திருகோணமலை எதற்கு என்று கேட்கலாம். இம்மாவட்டத்திலிருந்து தோட்டங்களுக்குப் போனவரின் வழித்தோன்றல்கள் 1964-இல் தலையெண்ணிப் பிரிக்கப்பட்டனர். 1983-க்குப் பின் ஓடிவந்தவர்கள் தமிழ்நாட்டின் முகாம்களில் மூன்றாம் தலைமுறையைப் பெற்றுவிட்டனர். 2021-இல் அவ்வாறு 108 முகாம்களில் 58,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். சேலம் மாவட்டத்திலும் அம்முகாம்கள் உண்டு. அண்டை நாடுகள் மூன்றிலிருந்து வந்தோர்க்கு வழி திறந்த 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் ஈழத்தமிழர் இல்லை. கொழும்பு நாடற்றவராக்கியது ஒருபுறம். புதுதில்லி நாடற்றவராகவே வைத்திருப்பது மறுபுறம்.

இன்னொன்றும் உண்டு. 2019 சனவரியில் தொடங்கப்பெற்ற தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து நடுவங்களுள் சேலமும் ஒன்று. சென்னை, ஓசூர், கோவை, திருச்சி என்பன ஏனையவை. வேலை வருமானால் வரட்டும். ஆனால் சேலத்துத் தொழிலாளி கடைந்து கொடுக்கும் இரும்பு எந்நாட்டுக் கடற்படைக்குப் போகும், அக்கடற்படை எவரை நோக்கிச் சுடும் என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டா? அவனுடைய சட்டமன்றத்துக்கு உண்டா? இந்திய அரசியலமைப்பின்படி படையும் அயலுறவும் உடன்படிக்கையும் ஒன்றியப் பட்டியலில் உள்ளவை. 253-ஆம் பிரிவோ, பன்னாட்டு உடன்படிக்கையை நிறைவேற்ற வேண்டுமாயின் மாநிலத்துக்குரிய பொருளிலும் நாடாளுமன்றமே சட்டம் செய்யலாம் என்கிறது.

அதன் விளைவு கச்சத்தீவு. 1974 சூனில் அது கொழும்புக்கு விடப்பட்டது. சென்னைச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் செய்தது, பயனில்லை. வங்கத்தின் பெருபாரிக்காக 1960-இல் அரசியலமைப்பையே திருத்தினார்கள். கச்சத்தீவுக்கு அந்தத் திருத்தமும் செய்யவில்லை. 1976 மார்ச்சில் எழுதப்பட்ட மடல்கள் மீனவரின் வலையையும் கட்டின. இன்று இராமேசுவரத்து மீனவனைப் பிடித்துச் செல்லும் சிங்களக் கடற்படையோடு இந்தியக் கடற்படை 2005 முதல் கூட்டுப் பயிற்சி நடத்தி வருகிறது. தன் மீனவனைப் பிடிக்கும் படைக்குத் தன் படையே பயிற்சித் துணை!

2025 ஏப்பிரல் 5 அன்று கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்புக் கூட்டுறவுக்கான புரிந்துணர்வு ஓலை ஒன்றில் ஒப்பமிட்டன. அதே நாளில் திருகோணமலையை எரியாற்றல் நடுவமாக்கும் உடன்பாட்டில் ஒன்றிய அரபு நாடுகளும் சேர்ந்து ஒப்பமிட்டன. 1987-இல் போலவே மீண்டும் படையும் எண்ணெயும் திருகோணமலையும்! அன்று எழுதி ஓடிப்போன தமிழர் உரிமையை மட்டும் இம்முறை எழுதவும் இல்லை.

செய்ய வேண்டுவது

தமிழர் தம்மையும் உரைத்துப் பார்க்க வேண்டும். புதுதில்லியின் படை வரும், அமெரிக்காவின் கப்பல் வரும், செனீவாவின் தீர்மானம் வரும் என்று வாயிலில் விளக்கேற்றிக் காத்திருந்த காலம் நீண்டது. வலிமையை எடைபோடச் சொன்ன வள்ளுவர் தன் வலிமையை முன்னும் துணையின் வலிமையை இறுதியிலும் வைத்தார். தமிழ்த் தலைவர்கள் அவ்வரிசையைத் தலைகீழாக்கினர். தமிழ் வேந்தர்க்குக் கூட்டு அமைக்கத் தெரியாமலும் இல்லை. தமிழ நாடுகளின் நெடுங்காலக் கூட்டணியைத் தான் உடைத்ததாகக் கலிங்கத்துக் காரவேலன் அத்திகும்பாக் கல்வெட்டில் பெருமையோடு பொறித்தான். உடைத்ததைப் பெருமையாகச் சொல்லும் அளவுக்கு அக்கூட்டு வலியதாயிருந்தது. அத்தகையோரே பின்னர்ப் பறம்பு மலையைச் சூழ்ந்து பாரியை அழிக்க மூவராகக் கூடினர் என்பதும் தமிழர் வரலாறே. தற்காப்புக்காகக் கூடியபோது அயலான் அஞ்சினான். தம்முள் ஒருவனை ஒழிக்கக் கூடியபோது மூவரும் சிறுத்தனர்.

ஆதலின் கேட்க வேண்டுவன தெளிவானவை. செருமனியின் அடிப்படைச் சட்டம் 32-ஆம் பிரிவில், ஒரு மாநிலத்தின் தனிநிலையைத் தொடும் உடன்படிக்கையைச் செய்யுமுன் அம்மாநிலத்தை உரிய காலத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது. செருமனி அதனால் சிதறிவிடவில்லை. இந்தியப் பெருங்கடலையும் பாக்கு நீரிணையையும் இலங்கையையும் தொடும் எந்த உடன்படிக்கையும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் இசைவின்றிச் செல்லாது என்று அரசியலமைப்பு திருத்தப்பட வேண்டும். 2025-ஆம் ஆண்டின் ஓலை சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். 1987-இல் தான் ஒப்பமிட்ட வடக்கு கிழக்கு இணைப்புக்கு என்ன விடை என்று புதுதில்லி சொல்ல வேண்டும். திருகோணமலையின் வருங்காலத்தைப் பேசும் எந்த மேசையிலும் திருகோணமலை மக்களின் பேராளர்க்கு இருக்கை வேண்டும். முகாம்களில் இருப்போர்க்குக் குடியுரிமை வேண்டும்.

இவற்றை எந்த வல்லரசும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து தராது. தேர்தல்தோறும் வாக்குக் கேட்டு அயோத்தியாப்பட்டணத்துக்கும் ஆத்தூருக்கும் ஓமலூருக்கும் வருவோரிடம், தெருவும் தண்ணீரும் கேட்கும் அதே வாயால் இதனையும் கேட்க வேண்டும். "எங்கள் கடலைப் பற்றி எங்களைக் கேட்காமல் ஒப்பமிட்டவர் யார்? அப்போது நீ எங்கே இருந்தாய்?" விடை சொல்ல இயலாதவனுக்கு வாக்கு எதற்கு?